அல்லி சார் பார்த்தது

கையில் ஒற்றை அல்லிப்பூவோடு ஒருவர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் எங்கள் ஊரில் என்ன நினைப்பார்கள்? கோயிலுக்குப் போகிறார் என்று நினைப்பார்கள். காஞ்சிபுரத்தில் பூவோடு போகிறவருக்குக் கோயிலை விட்டால் வேறு போக்கிடம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. கண்டக்டர் அவருக்கு மரியாதையாக வழிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். அவரோ கல்லூரி வாசலில் இறங்கி நேராக ஆங்கிலத் துறை அறைக்கு வருவார். காலியான இங்க் புட்டி ஒன்றில் தண்ணீர் பிடித்து அந்தப் பூவை வைப்பார். இரண்டடி பின்னால் போய்ப் பார்ப்பார். புட்டியை அரை அங்குலம் நகர்த்திவிட்டு மறுபடியும் பார்ப்பார். அதற்குள் முதல் மணி அடித்திருக்கும்.

பூ தாமல் ஏரியிலிருந்து வருவது. அவர் வீடு ஊர்த் தெருக்களுக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் இருந்தது. காலையில் பறித்த பூ பதினோரு மணி வாக்கில் இதழ்களை மூடிக்கொள்ளும். அதற்கு முன்பு துறைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருவரும் பார்க்க மாட்டோம். மாணவர்கள் அவரை அல்லி சார் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது மாணவர்கள் இல்லை, நான்தான். மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். துறையில் எனக்குக் கிண்டல்காரன் என்று ஒரு பேர் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள நான் படாத பாடு பட்டேன்.

எங்களுடையது ஊருக்கு வெளியே இருந்த தனியார் கலைக் கல்லூரி. நான் நிரந்தரம், அவர் ஒப்பந்தம். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருக்குப் புது உத்தரவு வர வேண்டும். வெள்ளி விழா ஆண்டு முடிந்ததும் அவரை நிரந்தரமாக்குவதாக எங்கள் தாளாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அல்லி சாரின் அம்மா அறுபது வயதிலும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். நிரந்தரம் ஆனதும் அம்மாவைக் கழனிக்கு அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்று அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அவர் தனக்கென்று எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒரு விஷயம்தான்.

வகுப்பு முடிந்தால் நாங்களெல்லாம் சாக்பீஸைப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அவர் கரும்பலகையை மேலிருந்து கீழாக, ஒரே திசையில், நான்கு மூலையும் விடாமல் துடைத்துவிட்டுத்தான் வருவார். அடுத்த பீரியட்டில் கணக்கு மேடம் வந்து கிறுக்கத்தானே போகிறார், அந்த மூலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் பாக்கறேன் இல்ல சார்?" என்றார்.

அது அவருடைய வார்த்தை இல்லையாம், அவர் அம்மாவுடையதாம். அம்மா வேலை முடிந்து வந்ததும் கதிர் அரிவாள்களைக் கழுவித் துடைத்து, பெரிசு சின்னதாகச் சுவரில் வரிசையாக மாட்டுவாராம். ஒற்றை அறை வீடு. விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை. யாருக்காக இந்த வரிசை என்று சின்ன வயதில் இவர் கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்தான் அது. இதையும் நான் துறையில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அரிவாளுக்குப் பதில் விளக்குமாறு என்று மாற்றிக்கொண்டேன்.

எங்கள் வாட்ச்மேன் இறந்துபோனபோது கல்லூரி வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். பேனர் அகலமானது, படம் சின்னது. அச்சடித்தவன் படத்தை இரண்டு பக்கமும் இழுத்து நிரப்பிவிட்டான். ஒல்லியான அந்த மனிதர் பேனரில் பூசணிக்காய் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அதைக் கடந்து போனோம். அல்லி சார் நாற்காலி போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பெரிய சத்தமாகிவிட்டது. இறந்தவர் படத்தைக் கழற்றலாமா, இவன் யார் கழற்றுவதற்கு என்று அலுவலகத்தில் ஒருவர் எகிறினார். அந்த 'இவன் யார்' எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்ற வேறு எவர் கழற்றியிருந்தாலும் அது வந்திருக்காது. அவர் குரலை உயர்த்தவில்லை. "அவரு மூஞ்சி இவ்ளோ அகலம் கிடையாது சார். சாயங்காலம் அவங்க வீட்டம்மா வருவாங்க. இதப் பாப்பாங்க" என்றார். மாலைக்குள் சரியான பேனர் வந்தது. அந்த அம்மா வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அன்றைக்கும் நான் ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. சிரித்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்டவர் நடத்திய பாடம் எது தெரியுமா? விக்டோரியா ராணி காலத்து லண்டனில் அழகுதான் வாழ்க்கை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தலைமுடியை வளர்த்துக்கொண்டு, வெல்வெட் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் லில்லிப் பூவும் மயிலிறகுமாகத் திரிந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? வாராவாரம் கேலிச்சித்திரம் போட்டார்கள். மேடையேற்றிப் பாட்டுப் பாடி ஓட்டினார்கள். அந்தக் கேலி இலக்கியம் எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. பூவோடு திரிந்தவர்களைப் பற்றிய கேலியை, பூவோடு வருகிறவரே நடத்துகிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! வகுப்புக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்பேன்.

மாணவிகளுக்கு ஒரு சந்தேகம். மயிலிறகில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து கல்யாணப் புடவைக் கரைதோறும் மயிலைப் பார்த்து வளர்ந்த பெண்கள். அல்லி சார் அந்தக் காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். "இந்த எறகப் பாருங்க. ஒவ்வொரு இழையா போட்டிருக்காரு. கேலி பண்றதுக்கே இவரு எத்தினி நாள் மயிலப் பாத்துக்கினு இருந்தாரோ! கேலி பண்ணுங்க, தப்பில்ல. பாத்துட்டுப் பண்ணுங்க. பாக்காம பண்றதுதான் கொடுமை" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வெள்ளி விழா வந்தது. தாளாளர் பட்டுக்கடை முதலாளி. நான்கு தலைமுறையாக நெசவுக் குடும்பம். விழாவுக்காக மேடம்கள் பதினெட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி பட்டுப்புடவை நெய்யச் சொன்னார். முந்தியில் எங்கள் கல்லூரிக் கட்டடம். வாசற்படி, தூண்கள், மாடி, உச்சியில் கொடி, எல்லாம் ஜரிகையில். மாதிரிப் புடவை ஒன்று முதலில் தயாராகி எங்கள் அறைக்கு வந்தது. வணிகவியல் மேடம் மேஜையில் விரித்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கட்டடம் தத்ரூபம்.

அல்லி சார் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, மேடத்திடம் கேட்டுக்கொண்டு, முந்தியைத் தூக்கித் தன் இடது தோளில் போட்டு முதுகில் தொங்கவிட்டார். புத்தக பீரோவின் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பேன்ட் சட்டை போட்ட மனிதர், மாம்பழ மஞ்சள் முந்தி, திருகிய கழுத்து. அறையே அதிர்ந்தது. நான் போனை எடுத்துக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து ஒரு படம் எடுத்தேன்.

பிற்பகலில் வராந்தாவில் என்னைத் தேடி வந்தார்.

"சார், அது தலகீழா இருக்குது. மேஜ மேல தெரியல. தோள்ல போட்டாத்தான் தெரியுது. மத்த தறிலல்லாம் இன்னும் முந்தி ஆரம்பிக்கல. இப்பச் சொன்னா மாத்திடலாம்."

என் அப்பாவும் தறிக்காரர்தான். அல்லி சார் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் டிசைன் போட்டவர் முந்தியை முதலில் நெய்வார்கள் என்று நினைத்து, தறியில் ஏற்றும் துளை அட்டைகளை அடுக்கியிருக்கிறார். நெசவாளி தன் வழக்கப்படி உடலை நெய்துவிட்டு முந்தியைக் கடைசியில் நெய்திருக்கிறார். மாங்காயோ கட்டமோ போட்டிருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கட்டடத்துக்குத் தெரியும். எங்கள் ஊரில் புடவையைப் பாயில் விரித்துத்தான் பார்ப்போம். பாயில் கிடப்பதை எதிர்ப்பக்கம் போய் நின்றால் நேராக்கிக்கொள்ளலாம். முதுகில் கிடப்பதை அப்படிச் செய்ய முடியாது. நெய்து நெய்து பழகிய கண்களுக்கு இது தோன்றவே இல்லை.

"நான் சொன்னா எடுபடாது சார். எதையாவது கொற சொல்லிக்கினே இருப்பான்னுவாங்க. நீங்க சொன்னா தாளாளர் கேப்பாரு" என்றார். சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் மாலை அவர் பட்டுக்கடைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். தாளாளர் அந்த மாதிரிப் புடவையை மெத்தையில் விரித்து, வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பக்கத்தில் உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். "நீயும் தறிக்காரன் வீட்டுப் புள்ளதான, பாத்துச் சொல்லு, எப்பிடி இருக்குது?" என்றார். நான் பிரமாதம் சார் என்றேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் அல்லி சார் கேட்டார். "சொல்லிட்டேன் சார், பாத்துக்கறேன்னாரு" என்றேன். இதைவிடச் சுலபமாக நான் பொய் சொன்னதில்லை. அவர் முகம் தெளிந்தது. நேராக நின்றால் அந்தக் கட்டடம் ரொம்ப நன்றாக இருக்கும், ஜரிகை அழகாக விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இங்க் புட்டியை நகர்த்தி வைத்தார். இன்னொரு நாள் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை. வராமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

விழாவுக்கு எங்கள் துறை சார்பில் விக்டோரியா காலக் கேலி நாடகம் ஒன்று போடுவதாக முடிவானது. பாடம் அவருடையது என்பதால் பொறுப்பாளர் என்று அவர் கையெழுத்துப் போட்டார். எழுதியது நான். அவருக்கு ஒரே சந்தோஷம். தன் குறிப்புகளையெல்லாம் கொடுத்தார். வெல்வெட் கோட்டுக்குத் துணி எங்கே கிடைக்கும் என்று மாணவர்களோடு அலைந்தார். ஒத்திகைக்கு மட்டும் நான் அவரை விடவில்லை. சஸ்பென்ஸ் என்றேன். லண்டன்காரனாகத் தொடங்கிய என் கதாநாயகன் இரண்டாவது பக்கத்திலேயே தாமல் பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று அவருக்குத் தெரியாது.

விழா அன்று நாடகம் தூள் பறந்தது. கதாநாயகனாக நடித்த மாணவன் கையில் பிளாஸ்டிக் அல்லியோடு வந்தான். இட்லியைப் பார்த்து அதன் வட்டம் சரியில்லை என்று அழுதான். விளக்குமாறுகளை உயர வரிசையில் அடுக்கினான். கடைசியில் மாதிரிப் புடவையின் முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்தான். "நான் பாக்கறேன் இல்ல? நான் பாக்கறேன் இல்ல?" என்று அவன் கத்தக் கத்த அரங்கம் குலுங்கியது. ஓரமாக நின்றிருந்த அல்லி சாரின் பக்கம் எல்லோரும் திரும்பித் திரும்பிச் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முந்தி தோளில் ஏறியபோது அந்தச் சிரிப்பு நின்றது.

அடுத்தது தாளாளரின் ஏற்பாடு. அதுவரை முந்தியை மடித்துக் குத்தியிருந்த மேடம்கள் பதினெட்டுப் பேரும் அதை விரித்துவிட்டுக்கொண்டு வரிசையாக மேடையேறினார்கள். விருந்தினர்களுக்குக் கட்டடத்தைக் காட்டுவதற்காக ஒரே நேரத்தில் திரும்பி நின்றார்கள். பதினெட்டுக் கல்லூரிகளும் தலைகீழாகத் தொங்கின. வாசற்படி தோளில் இருந்தது. கொடி முழங்காலுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாடகத்தின் தொடர்ச்சி என்று நினைத்து அரங்கம் முன்னைவிடப் பலமாகச் சிரித்தது. முதுகுக்குப் பின்னால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தப் பெண்கள் அப்படியே நின்றார்கள். அல்லி சாரைத் தேடினேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என்னை வரச் சொன்னது துறையின் மூத்தவன் என்பதால். விசாரணை அவருக்குத்தான். மேடையில் அந்தப் பையன் முந்தியைப் போட்டுக் காட்டியது, தன் நெசவுக் குடும்பத்தின் தப்பை ஊருக்குச் சுட்டிக்காட்டத் திட்டமிட்டுச் செய்த வேலை என்று தாளாளர் நம்பிவிட்டார். பொறுப்பாளர் என்று அல்லி சார் கையெழுத்துப் போட்ட தாள் மேஜைமேல் இருந்தது.

"தலகீழா இருக்குதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்துட்டு, நாடகம் போட்டுச் சிரிக்க வெச்சியா?"

அந்த அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். இவர் சொல்லச் சொன்னார், நான்தான் சொல்லவில்லை. இரண்டே வாக்கியம். அல்லி சார் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நானே வந்து சொல்லியிருக்கணும் சார். தப்புதான்" என்றார் அவர்.

ஜூனில் அவருக்கு உத்தரவு வரவில்லை.

அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோதே அவருக்கு அது தெரிந்திருந்தது. வராந்தாவில் இரண்டு பேரும் நடந்தோம். அவர்தான் பேசினார். "அந்தப் புள்ள நல்லா நடிச்சான் சார். பூதான் பிளாஸ்டிக்கா போச்சு. கேட்டிருந்தா நானே ஒண்ணு பறிச்சுக்கினு வந்து குடுத்திருப்பேன்" என்றார். இதில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்தப் பிளாஸ்டிக் பூ நிஜமாகவே அவரை வருத்தியிருந்தது.

ஆற்காடு பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தாமல் வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஏரிக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்துகொள்வேன். கழனியில் குனிந்திருக்கும் பெண்களில் வயதானவர் யாரையாவது பார்த்துவிட்டால் அன்றைய பொழுது எனக்குக் கெட்டுவிடும். விக்டோரியா காலப் பாடம் இப்போது என் தலையில். சுவரில் அவர் ஒட்டிய கேலிச்சித்திரம் இன்னும் இருக்கிறது. அந்த மயிலிறகை அதன் இழைகளோடு நான் பார்த்தது அவர் போன பிறகுதான்.

போன மாதம் போன் மாற்றினேன். பழைய படங்களை எல்லாம் புதிதில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. எத்தனையோ பேருக்குக் காட்டிச் சிரித்த படம். திருகிய கழுத்தையும் மஞ்சள் முந்தியையும் தவிர அதில் எதையும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஏனோ விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் பீரோக் கண்ணாடியில் அவர் முதுகு தெரிகிறது. கட்டடம் தலைகீழாகத் தொங்குவது தெளிவாகவே தெரிகிறது. அதற்கும் அப்பால், அதே கண்ணாடியில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய ஒருவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அது நான்.

அல்லி சாரின் கண்கள் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கின்றன. கட்டடத்தைப் பார்த்தபோதே அவர் என்னையும் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்த்த பிறகும், பிற்பகலில் வராந்தாவில் அவர் தேடி வந்து சொன்னது என்னிடம்தான்.